தோர்கிலுக்குக் கொடுத்த வாக்கு

தோர்கில் திங்கட்கிழமை காலையில் செத்துப்போனான். உருளைக்கிழங்கு நடுவதற்காகத் தோட்டத்து மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்தானாம், அவ்வளவுதான். எழுபத்தொரு வயது. படுக்கையில் கிடந்து இழுத்துக்கொண்டிராமல் போனானே, நல்ல சாவு என்று எங்கள் மெர்லோ ஊரே சொன்னது. நான் சொல்லவில்லை. எனக்கு அவன்மேல் அவ்வளவு கோபம். செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வந்து என்னோடு சண்டை போட வேண்டியவன் திங்கட்கிழமையே கம்பி நீட்டிவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

மறுநாள் காலையில் நானும் பெவிஸும் சவ அடக்கக் காரியங்கள் பார்க்கும் கடைக்குப் போனோம். பெவிஸ் ஓய்வுபெற்ற பல் டாக்டர். நெஞ்சுவரை வெள்ளைத் தாடி, கையில் ஓக் மரத்தில் செய்த தடி. அங்கே மேஜையில் இருந்த பெண் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"தோர்கில்னு இங்க யாரும் இல்லீங்களே."

"இல்லாம எங்க போவாரு? பெரிய உருவம். கழுத்துல இரும்புச் சுத்தியல் ஒண்ணு தொங்கும்" என்றார் பெவிஸ்.

"ஓ, மிஸ்டர் கீத் பார்டோவா? நீங்க சொந்தக்காரங்களா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கீத்! பதினோரு வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறோம், அவன் பெற்றோர் வைத்த பெயரை ஒருத்தரும் கேட்டதில்லை. தேவாலயத்தை விட்டுப் பழைய தெய்வங்கள், பழைய பண்டிகைகள் என்று போன எங்களை ஊர் பேகன்கள் என்று சொல்லும். எங்கள் கூட்டத்தில் அப்படித்தான். வரும்போது தனக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொண்டு வருவார்கள், அதைத்தான் கூப்பிடுவோம். நான் மட்டும் சோம்பேறித்தனத்தால் வெண்டாவாகவே இருந்துவிட்டேன்.

"மகள் வந்திருக்காங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தேவாலயத்துல ஆராதனை, அப்புறம் தகனம். அவங்க சொல்றபடிதான் நாங்க செய்ய முடியும்" என்றாள் அந்தப் பெண்.

பெவிஸின் முகம் வெளிறிவிட்டது. நாங்கள் நாலு பேர் அவனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தோம்.

போன அறுவடைத் திருநாளில் நடந்தது அது. அவன் வீட்டுக் கொட்டகையில் மாட்டுக்கொம்பில் தேன்மது ஊற்றி வட்டமாகச் சுற்றிக் குடித்துக்கொண்டிருந்தோம். தோர்கிலின் வழி அது. அவனுக்குப் பழைய வட ஐரோப்பியத் தெய்வங்கள்: தோர், ஓடின், ஃப்ரிக். கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்ன சொல்லை எந்தக் கோர்ட்டாலும் மாற்ற முடியாது என்று நம்புகிறவன். எழுந்து நின்றான். "நான் செத்தா ப்ளாக்மோர் தோப்புல ஓக் மரத்துக்குக் கீழ என்னைக் கம்பளில சுத்திப் புதைங்க. பாதிரியார் வேணாம், நெருப்பு வேணாம். நீங்க நாலு பேரும் என் குழியைச் சுத்தி நின்னு கொம்பு குடிங்க" என்றான். ஓர் இரும்பு வளையத்தை நீட்டி, அதில் எங்கள் கைகளை வைத்து, செய்வோம் என்று சொல்ல வைத்தான்.

டெஸ்மண்ட் மட்டும், "ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு வெச்சிருங்களேன்" என்றான். டெஸ்மண்ட் கவுன்சில் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன், அவனுக்கு எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும்.

தோர்கில் என்னைப் பார்த்தான். "என்ன சொல்ற, சூனியக்காரி? எழுதணுமா?"

நான் சொன்னேன்: "அடச்சீ, நாலு பேர் கேட்டாச்சு, வளையத்துல கை வெச்சாச்சு. இன்னும் என்ன தாளு, மசிரு?"

நான்தான் சொன்னேன். வேறு யாரும் இல்லை. அந்தத் தாள் இருந்திருந்தால் இன்றைக்கு மகளிடம் நீட்டியிருக்கலாம்.

செவ்வாய் மதியமே அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் ஹிலரி, அவன் ஒரே மகள். பிரிஸ்டலில் ஓர் ஆரம்பப் பள்ளியில் தலைமை ஆசிரியை. நாற்பத்தைந்து வயதிருக்கும். தோர்கிலின் அதே மூக்கு, பாவம். கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு சமையலறையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"உங்களைத் தெரியும். நீங்க போஸ்ட் ஆபீஸ்ல இருக்கறவங்க, அந்தக் கூட்டம்" என்றாள்.

"அந்தக் கூட்டம்தான்" என்றேன்.

சத்தியத்தைச் சொன்னேன். தோப்பு, கம்பளி, கொம்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு ஏதாவது எழுத்துல இருக்கா?"

"இல்ல."

"மிஸஸ் ட்ராஸ்க், நான் கத்திப் பேசுற ஆள் இல்ல. எங்க அம்மாவை அந்தத் தேவாலயத்துலதான் வெச்சு அனுப்பினோம். அவங்க ஒரு ஞாயித்துக்கிழமைகூட ஆராதனைக்குப் போகாம இருந்ததில்ல. அம்மா போன மறுவருஷமே அப்பா கொம்புல குடிக்க ஆரம்பிச்சிட்டார். சுத்தியல், தாடி, தோர்! ஸ்கூல் பஸ் ஓட்டின மனுஷன்! அம்மாவோட சேர்த்து எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டார்." குரல் லேசாக உடைந்தது, உடனே சரி செய்துகொண்டாள். "நேத்து ராத்திரி உங்களைப் பத்தித் தேடிப் படிச்சேன். ஒருத்தர் ஒண்ணு சொல்றார், இன்னொருத்தர் அதை இல்லேங்கறார். சரி, ஒண்ணு செய்யுங்க. நீங்க யாரு, எதை நம்பறீங்கன்னு ஒரே ஒரு பக்கம் எழுதித் தாங்க. வியாழக்கிழமைக்குள்ள. எனக்குப் புரிஞ்சா யோசிக்கறேன். புரியலேன்னா அடுத்த வார வெள்ளிக்கிழமை தேவாலயந்தான்."

ஒரு பக்கம் தானே என்று நினைத்துக்கொண்டு வந்தேன். எங்களைப் பற்றி எனக்கே தெரியாததுபோல் நினைத்திருக்கிறேன்!

அன்று சாயங்காலம் மதுக்கடையின் பின்னறையில் கூடினோம். மாதத்தின் முதல் செவ்வாய் அந்த அறை எங்களுடையது. தோர்கிலின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நான், பெவிஸ், டெஸ்மண்ட், பிறகு ஆலிவ் அம்மாள். ஆலிவுக்கு எழுபத்தெட்டு வயது. மூன்றாவது மாடியில் நான்கு பூனைகளோடும் எகிப்தியத் தெய்வமான பாஸ்டெட்டோடும் குடியிருக்கிறாள்.

எங்கள் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் தலையசைக்கிற வரை எதுவும் முடிவாகாது. ஒரு முறை கோடைத் திருநாளுக்கு என்ன சூப் வைப்பது என்பதற்கே மூன்று கூட்டம் ஆனது.

"இயற்கையை வணங்குறவங்கன்னு ஆரம்பிக்கலாம். அதுல யாருக்கும் சண்டை இருக்காது" என்று பெவிஸ் பேனாவைத் திறந்தார்.

"நான் எங்க கண்ணு இயற்கையை வணங்குறேன்?" என்றாள் ஆலிவ். "எனக்கு முழங்கால் வலி. பத்து நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் படி இறங்கினேன். என் பாஸ்டெட் அம்மா வீட்டுக்குள்ள இருக்கா, பூனைங்களோட."

"தோர்கிலும் ஒத்துக்க மாட்டான். 'இயற்கை என்னைக் கொல்லப் பாக்குது, அதை நான் ஏன் கும்பிடணும்? என் சனமும் என் சாமியும் போதும்'னு சொல்லுவான்" என்றேன்.

"அப்ப தெய்வங்களை நம்புறவங்கன்னு போடுவோம்" என்றார் பெவிஸ்.

"போட்டா நான் தலையாட்ட மாட்டேன்" என்றான் டெஸ்மண்ட். "எனக்குத் தெய்வம் கிடையாது."

"தெய்வமே இல்லாதவன் வருஷத்துல எட்டுப் பண்டிகைக்கும் எதுக்குடா முதல் ஆளா வந்து நிக்கற?" என்று கேட்டேன்.

"பண்டிகை நிசம், வெண்டா. சூரியன் திரும்பறது நிசம். பூசணி காய்க்கறது நிசம். அதுக்கு நன்றி சொல்லணும்னு தோணுது. சொல்றதுக்கு மேல ஓர் ஆள் இருக்கணுமா என்ன?"

"சரி, பழைய மதம்னாவது போடலாமா?" என்றேன். நான் விக்கா வழியில் வந்தவள். ஒரு தேவி, ஒரு தேவன், நிலா, தோட்டத்து மூலிகை. முப்பது வருடமாக இதில் இருக்கிறேன்.

பெவிஸ் பழைய பிரிட்டனின் பூசாரிகளான ட்ரூயிட்களின் வழியில் சூரியனைக் கும்பிடுகிறவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்க விக்கா எங்க பழசு? எங்கப்பா ஓட்டின கார் அதைவிடப் பழசு."

"உங்க ட்ரூயிட் அங்கி மட்டும் ரொம்பப் பழசோ? இன்டர்நெட்லதானே வாங்கினீங்க?"

"தைச்சது! என் மனைவி தைச்சது!"

ஆலிவ் சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. நான் முதுகைத் தட்டினேன். அந்தச் சிரிப்பு அடங்கியதும், இந்த இடத்தில் குறுக்கே புகுந்து எங்கள் நாலு பேரையும் ஒரே வாக்கியத்தில் திட்டியிருக்க வேண்டியவன் இல்லை என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. டெஸ்மண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்புறம் மூன்று மணி நேரம் எழுதினோம். ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் தலையை ஆட்ட மாட்டார். உடனே 'பெரும்பாலும்' என்று சேர்ப்போம். அதற்கும் ஆட்டாவிட்டால் 'சிலர்' என்று சேர்ப்போம். யாரையும் விட்டுவிடக் கூடாது, யார் வாயிலும் அவர் சொல்லாததைத் திணிக்கக் கூடாது. எங்களுக்கு அது உயிர். ஒரு வழியாக நாலு தலையும் ஆடியபோது மதுக்கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்க ஆரம்பித்திருந்தார்.

வியாழக்கிழமை அந்தத் தாளை ஹிலரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சமையலறை மேஜையில் உட்கார்ந்து வாசித்தாள். பழக்க தோஷம், கையில் சிவப்புப் பேனா. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் உரக்க வாசித்தாள்: "'பேகன்கள் எனப்படுவோர் பெரும்பாலும், ஆனால் எப்போதும் அல்ல, இயற்கையைப் புனிதமாகக் கருதுகிறார்கள். சிலர் பல தெய்வங்களை வழிபடுகிறார்கள். சிலர் ஒரு தேவியையும் ஒரு தேவனையும். சிலருக்குத் தெய்வங்கள் இல்லை. சிலர் மேற்கண்ட வாக்கியங்களில் எதையும் ஏற்பதில்லை.'" நிமிர்ந்தாள். "மிஸஸ் ட்ராஸ்க், இதுல பதினாலு 'சிலர்' இருக்கு."

"எண்ணினியா?"

"எண்ணினேன். என் ஸ்கூல்ல ஏழு வயசுப் பிள்ளை இப்படி எழுதினா திருப்பிக் கொடுத்துடுவேன். இதுல எங்கப்பா எந்தச் 'சிலர்'?"

அந்தத் தாளில் நாலு பேரின் மனமும் கோணவில்லை, ஆனால் செத்தவன் அதில் இல்லவே இல்லை. எங்களைத் தவிர வேறு எவரும் செய்திருக்க முடியாத மடத்தனம் அது.

"பாதிரியார்கிட்ட ஒரே கேள்வி கேட்டேன்" என்றாள் ஹிலரி. "எங்கப்பா இப்ப எங்க இருக்கார்னு. அவர் ஒரே வரில பதில் சொன்னார். நீங்க சொல்லுங்க. எங்கப்பா எங்க?"

"யாருகிட்டக் கேக்குற? என்கிட்டயா, இல்ல பெவிஸ்..."

"எங்கப்பாகிட்டக் கேக்கறேன். அவர் என்ன சொல்லுவார்?"

அது எனக்குத் தெரியும். பதினோரு வருடம் மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து காது புளிக்கக் கேட்டதாயிற்றே.

"செத்தவன் தன் சனத்துக்கிட்டப் போவான்னு சொல்லுவான். மேலயும் இல்ல, கீழ நரகமும் இல்ல. மண்ணுக்குள்ள ஒரு பெரிய கூடம். அடுப்பு எரியும். முன்னாடி போனவங்க பெஞ்சுல இடம் போட்டு வெச்சிருப்பாங்க."

"சனம்னா? அம்மா அதுல உண்டா? அம்மா அங்க போக மாட்டாங்க. அவங்க போற இடம் வேற."

"அதைத்தான் நாங்களும் கேட்டு வம்பிழுத்தோம். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'ஜீன் அவ சாமிகிட்டதான் இருப்பா. அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா சனிக்கிழமை சனிக்கிழமை என்னைப் பாக்க வந்துட்டுப் போவா'ன்னான்."

"ஏன் சனிக்கிழமை?"

"அன்னைக்குத்தானே கல்லறைக்குப் போவான், பீர் எடுத்துக்கிட்டு."

ஹிலரி பேனாவைக் கீழே வைத்தாள். "பீரா?"

"வாராவாரம். ஒரு குவளை. பாதி அவளுக்கு, பாதி அவனுக்கு. அவ குடிக்காதவளாச்சேடான்னேன். 'தெரியும், அதான் கொஞ்சமா ஊத்தறேன்'னான்."

மெதுவாகக் கேட்டாள்: "கல்லு மேலயா ஊத்துவார்?"

"கல்லு மேலதான். தலைமாட்டுல."

"அது அப்பாவா?" என்றாள். "நான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருவேன். ஒவ்வொரு தடவையும் அம்மா கல்லுல பீர் நாத்தம். கறை. யாரோ குடிகாரப் பசங்க அம்மா தலையில குடிச்சுக் கூத்தடிக்கறாங்கன்னு நினைச்சு தேவாலயத்துக்குப் புகார் எழுதினேன். ரெண்டு பக்கம்! அவங்க போர்டுகூட வெச்சாங்களே."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"எதுக்குச் சிரிக்கறீங்க?"

"அந்தப் போர்டைப் படிச்சுட்டு அவன் குதிச்ச குதி இருக்கே! 'என் ஜீனோட கல்லறையில குடிகார நாய்ங்க வந்து ஊத்துதாம், வெண்டா! என் கையில மாட்டட்டும்!'னு. ரெண்டு சனிக்கிழமை காவல் காத்தான்மா. முதல்ல தன் பீரை ஊத்திட்டு, அப்புறம் மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு, எவன் வரான்னு சாயங்காலம் வரைக்கும் பாத்தான். ஒருத்தனும் வரல."

"அவர்தான்னு அவருக்குத் தெரியலையா?"

"அவன் மனசுல அவன் ஊத்தினது பீரே இல்லம்மா. படையல். பீர் ஊத்தறவன் வேற எவனோ."

"நீங்க யாரும் சொல்லலையா?"

"நான் வாயைத் திறந்தேன். பெவிஸ் என் காலை மிதிச்சிட்டார். அவ்வளவு கோபமா, அவ்வளவு அக்கறையா நின்னவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

ஹிலரி சிரிக்க ஆரம்பித்தாள். கட்டுக்கடங்காத சிரிப்பு, மேஜையில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். அது எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து போய் அவள் தோளில் கை வைத்தேன், அவள் தட்டிவிடவில்லை.

"பதினோரு வருஷம் நான் அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசல" என்றாள். "அம்மாவை மறந்துட்டார்னு நினைச்சுக்கிட்டு. கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு, அவ்வளவுதான். அவர் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேட்டியா?"

சொன்ன மறுகணமே என் நாக்கை அறுத்துப் போடலாம் என்றிருந்தது. என் வாய் எப்போதும் அப்படித்தான். ஆனால் அவள் கோபப்படவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு எங்கள் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"இதை எழுதியிருக்கலாமில்ல? பதினாலு 'சிலர்' எழுதறதுக்கு?"

"எழுதியிருக்கலாம். புத்தி வரல."

"அவர் என்ன கேட்டார்? ஒரு வார்த்தை கூட்டாம, குறைக்காம சொல்லுங்க."

சொன்னேன். தாள் வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அதை ஒளித்துக்கொண்டு அந்த வீட்டை விட்டு வெளியே போக எனக்கு மனம் வரவில்லை. அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வெளியே பாதி கொத்திய நிலம் அப்படியே கிடந்தது.

"பாதிரியாருக்கு நான் போன் பண்ணிக்கறேன்" என்றாள் கடைசியில். "தோப்புக்காரர்கிட்ட நீங்க பேசுங்க. ஆனா ஒண்ணு, வெண்டா. நானும் உங்க வட்டத்துல நிப்பேன். என் சாமியை வெளில நிறுத்திட்டு வர மாட்டேன்."

"உன்னை யாரு நிறுத்தச் சொன்னா?" என்றேன்.

அடுத்த வார வெள்ளிக்கிழமை மதியம் ப்ளாக்மோர் தோப்பில் கூடினோம். காற்று பிய்த்துக்கொண்டு போனது. பெவிஸின் அங்கி ஆலிவின் தலையில் போர்த்திக்கொண்டது, அவள் அதற்குள்ளிருந்தே அவரைத் திட்டினாள். தலை எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று ஒரு சச்சரவு கிளம்பியது. கிழக்கு என்றார் பெவிஸ். தோர்கிலுக்கு வடக்குதான் என்றேன் நான். "குழி வெட்டியாச்சு. அது எப்படி இருக்கோ அப்படித்தான்" என்றான் டெஸ்மண்ட். அதற்கு மட்டும் எல்லாத் தலையும் உடனே ஆடியது.

கம்பளியில் சுற்றியிருந்த அவனை நாங்கள் ஐந்து பேரும் தோப்புக்காரரும் கயிற்றைப் பிடித்து இறக்கினோம். என்ன கனம்! செத்த பிறகும் விட்டுக்கொடுக்காதவன். ஹிலரி கயிற்றை விடவே இல்லை, தோப்புக்காரர் மெல்ல அவள் விரல்களைப் பிரித்தெடுத்தார்.

பிறகு கொம்பில் தேன்மதுவை ஊற்றினேன். அவனே காய்ச்சியது, சமையலறைத் தொட்டிக்கடியில் ஏழு புட்டிகள் இருந்தன. முதல் சுற்று தெய்வங்களுக்கு. கொம்பை வாங்குகிறவர் தன் தெய்வத்தின் பெயரைச் சொல்லிக் குடிக்க வேண்டும், மற்றவர்கள் 'வாழ்க' என்று சொல்ல வேண்டும்.

பெவிஸ் கொம்பை வாங்கினார். சூரியனைச் சொல்வார் என்று நினைத்தேன். தோர்கிலின் கட்டைக் குரலை அப்படியே வரவழைத்துக்கொண்டு "தோர்!" என்று முழங்கினார். பதினோரு வருடம் தோரைக் கிண்டல் செய்த மனிதர். "அவனுக்காக யாராவது சொல்லணுமே" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஆலிவ் பாஸ்டெட்டைச் சொன்னாள். டெஸ்மண்ட் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, "இதுக்கு" என்றான். எல்லாவற்றுக்கும் வாழ்க சொன்னோம்.

கொம்பு ஹிலரியிடம் போனது. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பள்ளியில் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை.

"இயேசு கிறிஸ்து" என்றாள்.

கீழே கம்பளிக்குள் இருந்தவன் எழுந்து உட்கார்ந்து ஒரு பிரசங்கமே செய்துவிடுவானோ என்று எனக்குப் பயம் வந்தது. ஆலிவ்தான் முதலில் வாயைத் திறந்தாள். "வாழ்க!" என்று மூன்றாம் மாடிக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். அப்புறம் நாங்கள் எல்லோரும் கத்தினோம். மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்துபோயின. ஹிலரி குடித்துவிட்டு இருமினாள். அவன் தேன்மது அப்படி, தொண்டையைச் சுரண்டும்.

நான் என் தேவியைச் சொல்லிவிட்டுக் கொம்பை மறுபடி நிரப்பினேன். இரண்டாவது சுற்று செத்தவர்களுக்கு. அவரவர் தங்களைச் சேர்ந்த ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும். புதிதாகப் போனவரின் பெயரையும் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும், அப்போதுதான் அவர் அந்த வரிசையில் சேர்வார். அதுவரை அவர் பாதி எங்களோடு இருக்கிறார் என்பது தோர்கிலின் கணக்கு. அதை நான் சொல்வதாகத்தான் பேச்சு. வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

கொம்பு முதலில் என் கைக்குத்தான் வந்தது. தோர்கில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் அம்மாவின் பெயர் வந்தது. சொல்லிவிட்டுப் பெவிஸிடம் தள்ளினேன். அவர் என்னைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், தன் அண்ணன் பெயரைச் சொன்னார். ஆலிவ் தன் புருஷனைச் சொன்னாள். டெஸ்மண்ட் தன் அப்பாவைச் சொன்னான். ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. அவனை அங்கே அனுப்ப எங்களால் முடியவில்லை.

கடைசியாகக் கொம்பு ஹிலரியிடம் போனது. இந்தச் சுற்றைப் பற்றி அவளுக்கு நான் காலையில்தான் சொல்லியிருந்தேன். அவள் ஜீனைச் சொல்லுவாள், அப்புறம் நான் மறுபடி வாங்கி எப்படியாவது சொல்லி முடித்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஜீன் பார்டோ, எங்கம்மா" என்றாள். வாழ்க என்றோம். அவள் கொம்பைக் கொடுக்கவில்லை. குழியின் விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தாள்.

"எங்கப்பா" என்றாள்.

நாங்கள் வாழ்க சொல்ல மறந்து நின்றோம். அவள் திரும்பி, "சொல்லக் கூடாதா? தப்பாச் சொல்லிட்டேனா, வெண்டா?" என்று பதறிக் கேட்டாள்.

"இல்லம்மா. நீதான் சொல்லணும்" என்றேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு மீதி முழுவதையும் அவன் மேல் மெதுவாக ஊற்றினாள். என் தோழன் செத்துப்போய்விட்டான் என்று அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன்.